அக்கா இருந்த தீவும் அவர் இருந்த தீவும்

என்னைப் பெண் கேட்டு மூன்று இடங்களிலிருந்து வந்தார்கள். ஒருவர் கீரனூரில் வாத்தியார். இன்னொருவருக்குக் கறம்பக்குடிப் பக்கம் தோப்பும் வற்றாத கிணறும் இருந்தன. மூன்றாமவர் கடலுக்கு நடுவே எங்கோ ஒரு தீவில் சமையல்காரர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார். ஆத்தா அந்த மூன்றாமவருக்குத்தான் என்னைக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா அப்போது உயிரோடு இல்லை. அதனால் முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான், எடுத்தாள்.

கேட்டவர்களெல்லாம் வாயில் கை வைத்தார்கள். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். காரணம் என் அக்கா.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அக்காவை மோரீசுக்கு, அதாவது மொரீஷியஸ் தீவுக்கு, கட்டிக் கொடுத்திருந்தோம். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. எங்களைப் போலவே வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பையனுக்கு எங்கள் ஆவூர்க் கோயில் பங்கிலேயே பெண் எடுக்க வேண்டும் என்று தேடி வந்தார்கள். கல்யாணம் முடிந்து அக்கா திருச்சியில் ரயிலேறினாள், பம்பாயில் கப்பலேறினாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரயில் நகர்ந்தபோது அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினேன். பிறகு கை நழுவிப்போனது. அதற்குப் பிறகு அவள் கடுதாசியில்தான் இருந்தாள்.

ஐந்து வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க அந்தச் சமையல்காரர் வந்தார். நல்ல உயரம். பாயில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த அவருடைய மாமாதான் பேசினார். முதலில் சிங்கப்பூரில் ஒரு ஓட்டலில் வேலையாம். அங்கிருந்து ஒரு காண்டிராக்டர் சமையலுக்கு ஆள் எடுத்துக் கோகோஸ் என்ற தீவுக்குக் கூட்டிப்போனாராம். அந்தத் தீவில் பிளேன் இறங்கும் தளம் ஒன்றைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் கிடையாதாம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற பிளேன் அங்கே இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ளும், சனங்கள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுபடி ஏறுவார்கள்.

ஆத்தா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணின் தாய் மாப்பிள்ளையாகப் போகிறவர் முன்னால் வந்து பேசுகிற வழக்கம் அப்போது இல்லை. அங்கிருந்தே கேட்டாள்.

"அங்கயிருந்து அந்தப் பிளேனு எங்கிட்டுப் போகுமாம்?"

மாமாவுக்குத் தெரியவில்லை. அவர்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நேரா மோரீசுக்குங்க."

ஆத்தா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "மோரீசுக்கா? எங்க பெரியவ இருக்காளே, அந்த மோரீசா?"

"ஆமாங்க. அந்தத் தீவுதான்."

"எம்புட்டுத் தூரம் தம்பி?"

"ரெண்டாயிரத்து அறுநூறு மைலுக்கு மேல இருக்கும்னு சொல்றாங்க."

அந்த எண்ணிக்கை ஆத்தாவுக்கு எதுவும் சொல்லவில்லை. மாட்டு வண்டியிலும் காலிலும் அளந்து பழகியவள். "மைலு கெடக்கட்டும். எம்புட்டு நேரம்?"

"பத்து மணி நேரம். காத்து நல்லா இருந்தா கொஞ்சம் முந்தியே போயிரும்."

ஆத்தா பாயின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பத்து மணி நேரமா? விடியக் கஞ்சி குடிச்சிட்டுக் கெளம்புனா, பொழுது சாயறதுக்குள்ள எம்மக வீட்டுல நிக்கலாமா?" பிறகு கொஞ்சம் யோசித்து, "நடுவுல என்னென்ன ஊரு வரும்?" என்றாள்.

"ஒண்ணும் வராதுங்க. தண்ணிதான். ஒரு பாறைகூட இல்ல."

அன்று சாயங்காலமே ஆத்தா சம்மதம் சொல்லி அனுப்பினாள். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் 'ஒரு பாறைகூட இல்ல' என்று அவர் சொன்ன குரல் எனக்குப் பிடித்திருந்தது. பயமுறுத்துகிற மாதிரி சொல்லவில்லை. நல்ல வயலைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

பாஸ்குத் திருநாள் முடிந்து ஆவூர்க் கோயிலில் கல்யாண மந்திரிப்பு நடந்தது. அதன் பிறகு இரண்டு மாதம்தான் அவருக்கு லீவு. கோடைக்காலம். மத்தியான வேளைகளில் ஊரே அடங்கிக் கிடக்கும். முற்றத்து வேம்பு நிழல் சிமெண்டுத் தரையில் ஆடும். அவர் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் கோகோஸை வரைவார். தேங்காய் மூடியை உடைத்துச் சிதறவிட்ட மாதிரி, வட்டமாகச் சின்னச் சின்னத் துண்டுகள். பிறகு கையை நீட்டி, எட்டிப் போய் மோரீசை வரைவார். அதை வரைந்து முடிப்பதற்குள் கோகோஸ் வெயிலில் காய்ந்து காணாமல் போயிருக்கும். மறுபடி வரைவார். அப்போது மோரீஸ் காய்ந்துபோகும். இரண்டையும் ஒரே நேரத்தில் தரையில் நிறுத்த அவரால் கடைசிவரை முடியவில்லை. நான் சிரிப்பேன்.

மணிக் கணக்கையும் அவர்தான் சொன்னார். "நம்ம ஊர்ல அஞ்சு மணின்னா எங்க தீவுல ஆறு. ஒங்க அக்கா ஊர்ல மூணரை. பிளேனு எங்க கடியாரத்துல காலையில ஆறுக்குக் கெளம்பும். அங்க எறங்குறப்ப அவங்க கடியாரத்துல மத்தியானம் ஒண்ணரை."

ஆத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் மருமகனோடு நேராகப் பேசப் பழகியிருந்தாள். "ஆறுலேருந்து ஒண்ணரைன்னா ஏழரை மணி நேரந்தான் ஆகுது. பத்துன்னீங்களே மாப்பிள்ளை?"

"பத்துதாங்க அத்தை. சூரியன் போற பக்கமே பிளேனும் போகுதுல்ல, அதான்."

"அப்ப அந்த ரெண்டரை மணி நேரம் எங்கிட்டுப் போச்சு?"

அவர் யோசித்தார். "திரும்பி வாரப்ப அதைக் கொடுக்கணும்" என்றார். ஆத்தாவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

லீவு முடிந்து அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறப் புறப்பட்ட அன்று, ஆத்தா உப்பு நார்த்தங்காய் ஒரு சாடி நிறையக் கொடுத்தாள். வெயிலில் பல நாள் காயவைத்துக் கறுத்துச் சுருண்ட நார்த்தங்காய். அக்காவுக்கு அது இருந்தால் போதும், குழம்பே வேண்டாம். "மாப்பிள்ளை, யார்கிட்டயும் கொடுத்துவிட வேணாம். நீங்களே போயி அவ கையில கொடுத்துட்டு, மொகத்தப் பாத்துட்டு வாங்க" என்றாள். அவர் சாடியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பிளேன் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமைகளில் போகும். எந்தச் செவ்வாய் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் விடியற்காலம் கோயில் மணி அடித்ததும் எழுந்து உட்கார்ந்து திரிகால செபம் சொல்லுவேன். அங்கே இப்போது அது ஏறியிருக்கும். அவர் சுட்ட ரொட்டி, அவர் வேகவைத்த முட்டை, எல்லாம் அதன் வயிற்றுக்குள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன், களை எடுக்கப் போவேன். உச்சி மணி அடிக்கும்போது அது பாதி தாண்டியிருக்கும். வெயில் சாயத் தொடங்குகிற நேரம், வரப்பில் உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அது அக்காவின் ஊரில் இறங்கும்.

பிளேனை நான் பக்கத்தில் பார்த்ததில்லை. திருச்சிக்குப் போகிறது எப்போதாவது மேகத்துக்கு மேலே சின்னதாக மின்னும், அவ்வளவுதான். அதனால் என் மனதில் இருந்த பிளேன் நானே செய்துகொண்டது. உள்ளே பாய் விரித்திருக்கும். ஜன்னல்களுக்குக் கம்பி இருக்காது. காற்று சும்மா வந்து போகும். கீழே கடல் கழுவிவைத்த சிலேட்டு மாதிரி இருக்கும். மகள் பிறந்த பிறகு அவளை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நானும் கண்ணயர்ந்துபோவேன். அப்போது நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் ஐந்து மணி நேரம், முன்னால் ஐந்து மணி நேரம். அங்கிட்டு அவர், இங்கிட்டு அக்கா. நடுவில் நான் மட்டும். யாருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டியதில்லை. யாரும் கூப்பிட்டால் கேட்காது. அந்தச் சுகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் இல்லாத ஏக்கம் என்பார்கள். ஏக்கமும் இருந்தது. ஆனால் இது அது இல்லை.

முதல் லீவில் வந்தபோது ஆத்தா வாசலிலேயே கேட்டாள். "போயிப் பாத்தீங்களா?"

"இல்ல அத்தை. வேலைக்காரங்களை ஏத்தமாட்டாங்க. டிக்கெட்டு எடுத்துப் போறது நம்மளால ஆகாத காரியம். பிளேனுல பரிமாறுற ஸ்டூவர்டு யாராச்சும் லீவு போட்டா அவருக்குப் பதிலா என்னைப் போகச் சொல்றேன்னு மேனேஜரு சொல்லியிருக்காரு."

"நார்த்தங்கா?"

"பத்திரமா இருக்கு. ஒருத்தரையும் தொடவிடல."

"இருக்கட்டும். அது கெடாது" என்றாள் ஆத்தா. கோபமில்லை. அடுத்த லீவுக்கும் அதே கேள்வி, அதே பதில். இந்தத் தடவை அவர் பதில் சொல்லும்போது காதோரம் சிவந்திருந்தது.

அவர் திரும்பிப் போன வருஷம் ஒரு நாள் கடுதாசி வந்தது. ஸ்டூவர்டு ஒருவர் ஊருக்குப் போகிறாராம். இன்ன செவ்வாய்க்கிழமை பிளேனில் சாப்பாடு பரிமாற இவரைப் போகச் சொல்லிவிட்டார்களாம். அக்காவுக்கும் எழுதியாகிவிட்டது, அவள் பிளேன் தளத்துக்கு வந்து நிற்பாள்.

அந்தச் செவ்வாயை எங்கள் வீடு திருவிழா மாதிரி கொண்டாடியது. ஆத்தா விடியற்காலமே குளித்து வெள்ளைச் சேலை கட்டினாள். மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. "மாப்பிள்ளை இப்ப எங்கன வந்திருப்பாரு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்று மணி ஆனதும் இருவரும் கோயிலுக்குப் போனோம். யாருமில்லை. புறாக்கள் மட்டும் உத்திரத்தில் முனகிக்கொண்டிருந்தன. ஆத்தா மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, "இந்நேரம் பாத்திருப்பாக" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் பொரிகடலையும் வெல்லமும் கொடுத்தோம். அன்று ஆத்தா சிரித்த மாதிரி நான் முன்னால் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் கடுதாசி வந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பிளேன் போய்ச் சேரவே இல்லை என்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாதி வழியில் திரும்பிவிட்டது.

பிறகு அவர் நேரில் வந்தபோது அதைச் சொன்னார். காலைச் சாப்பாடு பரிமாறியாகிவிட்டதாம். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வலப்பக்கத்து ஜன்னல்களில் இருந்த வெயில் மெதுவாகச் சனங்களின் மடி வழியாக நகர்ந்து இடப்பக்கத்துக்கு வந்ததாம். "அப்பவே தெரிஞ்சுபோச்சு. கடலு அதே கடலுதான். வெயிலுதான் பக்கம் மாறிருச்சு." ஒரு இஞ்சின் நின்றிருந்தது. மீதி இஞ்சின்களோடு முன்னால் போகலாமா, பின்னால் திரும்பலாமா என்று பார்த்து, திரும்புவதுதான் கிட்டம் என்று திருப்பியிருக்கிறார்கள். காலையில் கிளம்பிய இடத்திலேயே சாயங்காலம் இறங்கினார். கூட வேலை செய்தவர்கள், "மோரீசு எப்பிடி இருந்துச்சு?" என்று கேலி செய்தார்களாம். மடியில் சாடி. அந்தப் பக்கம் அக்கா இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

கடுதாசியைப் படித்துச் சொன்ன அன்று, ஆத்தா மனம் உடைந்துபோவாள் என்று பயந்தேன். "உசுரோட எறங்குனாகளே, அது போதும்" என்றாள். பிறகு, "அன்னிக்கு நம்ம சந்தோஷப்பட்டது பட்டதுதானே. அதை யாரு திருப்பி வாங்க முடியும்?" என்றாள்.

அடுத்த லீவுக்கு முந்தி அவருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. இந்தத் தடவை எங்களுக்கு எழுதாமலே போனார். மோரீசில் போய் இறங்கியும்விட்டார்.

ஊருக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவ விடாமல் ஆத்தா அவரை உட்காரவைத்தாள். நான் தூணோரம் நின்றேன்.

"பாத்தேன் அத்தை" என்றார் அவர். அவர் அக்காவை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே போய்விட்டவள் அல்லவா. பிளேனை விட்டு இறங்கி வேலியோரம் நடந்தபோது கூட்டத்தில் யாரைத் தேடுவது என்று தெரியவில்லையாம். அப்போது ஒரு மரத்தடியில் நானே நிற்பதைப் பார்த்தாராம். "இவதான் நிக்கிறான்னு நெனச்சிட்டேன். கூப்பிடவே போயிட்டேன். பெறகு பாத்தா, கொஞ்சம் பூசுன ஒடம்பு. காதுகிட்ட ரெண்டு நரை."

"நரையா!" என்றாள் ஆத்தா. அவள் மனதில் அக்காவுக்கு இன்னும் கல்யாண வயதுதான்.

"சாடியக் கொடுத்தேன். அங்கயே தொறந்து, ஒரு துண்டு எடுத்து வாயில போட்டு, கண்ண மூடிக்கிட்டு நின்னாங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. கூட அவங்க பையன். அவனுக்குத் தமிழ் வரல. என்னைத் தொந்தோன், தொந்தோன்னு கூப்பிட்டான். அந்த ஊருப் பேச்சுல சித்தப்பா, மாமா எல்லாத்துக்கும் அதானாம்."

"அவ என்ன கேட்டா? என்னையக் கேட்டாளா?"

"எல்லாரையும் கேட்டாங்க. பெறகு, எத்தன மணி நேரத்துல வந்தீங்கன்னு கேட்டாங்க. பத்து மணி நேரம்னேன். அம்புட்டுத்தானா அப்பிடின்னாங்க. நான் வந்த தெசையவே பாத்துக்கிட்டு இன்னொரு தடவ சொன்னாங்க, அம்புட்டுத்தானா."

கப்பலில் வாரக்கணக்கில் போனவள். தனக்கும் எங்களுக்கும் நடுவே அவ்வளவு கடல் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். அவர் வந்தது எங்கள் ஊரிலிருந்து இல்லை, வேறொரு தீவிலிருந்து. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நார்த்தங்காய் எங்கள் முற்றத்தில் காய்ந்ததாயிற்றே.

"என்ன சேலை கட்டியிருந்தா?" ஆத்தா கேட்டாள்.

அவர் கொஞ்சம் நிதானித்தார். "நீலச் சேலைங்க."

"என்ன கரை?"

அவர் முழித்தார். "அது... கவனிக்கல அத்தை."

பிறகு நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, மெதுவாக என்னிடம் சொன்னார். "சேலை இல்லம்மா. கவுனு. முட்டிக்குக் கீழ வரைக்கும். பூப்போட்ட கவுனு. அங்க எல்லாரும் அப்பிடித்தான். அத்தை மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க அக்காவைப் பூப்போட்ட கவுனில் வைத்து வைத்துப் பார்த்தேன். கடல்காற்றில் கவுன் படபடக்க, மரத்தடியில் என் முகத்தோடு ஒருத்தி. அழகாகத்தான் இருந்தாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அவர் லீவு முடிந்து புறப்பட வேண்டியிருந்தது. அக்காவுக்குத் துணி எடுக்க ஆத்தாவும் நானும் புதுக்கோட்டைக்குப் போனோம். கடைக்காரர் சேலைகளை விரித்தார். ஆத்தா ஒதுக்கிவிட்டுப் பீஸ் துணி காட்டச் சொன்னாள். ரோஜாப்பூப் போட்டது ஒன்றைத் தடவிப் பார்த்து, "இதுல மூணு கெஜம் கிழிங்க" என்றாள்.

"எதுக்கு ஆத்தா?" என்றேன்.

"கவுனு தைக்கத்தான். ஒங்க அக்கா இப்ப கவுனுதானே போடுறா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கரை என்னன்னு கேட்டதுக்கு மாப்பிள்ளை முழிச்சாரே. அந்த மனுசனுக்குப் பொய் வராது. சேலை இல்லைன்னா பெறகு கவுனுதானே." துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்லிராத. பாவம், எனக்காகத்தான சொன்னாரு."

ரோஜாப்பூத் துணி அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவரால் மறுபடி போக முடியவில்லை. தெரிந்த ஸ்டூவர்டு ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கிடைத்தது என்று அக்கா எழுதினாள். அதற்குள் ஆத்தா படுக்கையில் விழுந்திருந்தாள். கடுதாசியை நான் அவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். சில மாதம் கழித்து, மழைக்காலத்தில், ஆத்தா போய்ச் சேர்ந்தாள். அக்காவால் வர முடியவில்லை. அக்காவை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அறுபதுகளில் பெரிய ஜெட் பிளேன்கள் வந்தன. அவற்றுக்கு நடுவில் நின்று எண்ணெய் போட வேண்டிய அவசியம் குறைந்துபோனது. கோகோஸில் ஆட்களைக் குறைத்தார்கள். அவர் ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பினார். விராலிமலையில் மதுரை ரோட்டோரமாகச் சின்னதாக ஒரு மெஸ் போட்டோம். லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் வந்து சாப்பிட்டார்கள். அவருடைய முட்டைக் குழம்புக்கு நல்ல பெயர்.

வந்த புதிதில் அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிடுவார். எங்கே போகிறீர்கள் என்றால், சும்மா என்பார். திரும்பி வர விளக்கு வைத்துவிடும். ஒரு நாள் கடையை மகளிடம் விட்டுவிட்டு நானும் கூடவே கிளம்பினேன்.

நடந்தோம். புளியமரங்கள் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருந்தன. மலைப்பக்கத்திலிருந்து மயில் ஒன்று விட்டுவிட்டு அகவியது.

"ஏங்க, இப்பிடி நடந்து எங்க போறதுக்கு?"

"எங்கயுமில்ல. அங்கன கொஞ்ச நேரம் நடந்தா கடல் வந்துரும். திரும்புனா அங்கிட்டும் கடல். பன்னெண்டு வருசமா நடக்க ஆரம்பிச்சதுமே திரும்பிக்கிட்டே இருந்தேன்." கையை முன்னால் நீட்டிக் காட்டினார். "இது பாரு, போயிக்கிட்டே இருக்கு."

அன்று கொடும்பாளூர்வரை போய்விட்டோம். எனக்குக் கால் வலித்தது. மூவர் கோயில் புல்தரையில் உட்கார்ந்தோம். கல்லெல்லாம் வெயிலின் சூட்டோடு இருந்தது. ஆடு மேய்க்கிற பெண்பிள்ளை ஒருத்தி எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனாள். அவர் கைகளைத் தலைக்கு அடியில் வைத்து மல்லாந்து படுத்தார். வெங்காய வாசனை போகாத கைகள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை. கடைசி பஸ் போனாலும் போகட்டும், நடந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.